அடிமைமுறையும் வன்முறையும்: திருப்பூர் நூற்பாலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அடிமைமுறை என்றவுடன் நம் எண்ணம் கடல்கடந்து செல்கிறது. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களும், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புக் காடுகளும், சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களுமே நம் கண்முன் நிற்கின்றனர். ஆயினும் அடிமைகள் தமிழ் மண்ணிலும் இருந்தனர். தரங்கம்பாடியில் 1707 மே மாதத்தில் சீகன்பால்குவின் ஊழியத்தின் முதற்பலனாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் தேனியர் வீடுகளில் இருந்த அடிமைகளே. தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு அடிமைகளிடமிருந்து தொடங்குகிறது என்பது நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்காத உண்மையாகும்.

அடிமைகளை ஆண்டான்கள் எவ்வாறு அடக்கி வைத்தனர் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். இதனை முடிந்துபோன வரலாறாக மட்டும் பார்ப்பது போதாது. திருப்பூரை நடுவாகக் கொண்டு கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்கள்வரை பரவியுள்ள நூற்பாலை, பின்னலாடை வட்டாரத்தில், அண்மைக் காலத்தில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்துவந்த நிலைமையை அடிமைமுறை என்றே சில ஆய்வுகள் அழைத்தன. அச்சொல் பொருந்துமா, பொருந்துமாயின் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அறிய, பழைய அடிமைமுறையில் வன்முறை எவ்வாறு செயற்பட்டது என்பதை முதலில் தெளிவாக உணர்தல் வேண்டும்.

1. ஆண்டானுக்கு வன்முறை ஏன் தேவைப்பட்டது?

கொடுமைக்காரரான சிலரின் கோபத்தால் விளைந்ததே அடிமைகள் பட்ட அடி என்று கருதுவோர் உளர். இக்கருத்து உண்மையை மறைக்கிறது. கூலிக்காரன் மிகுதியாக உழைத்தால் அவனுக்குச் சிறிதேனும் ஆதாயம் உண்டு. அடிமைக்கு அதுவும் இல்லை. ஆகவே அவனை உழைக்கவைப்பதற்கு ஆண்டானிடம் எஞ்சியிருந்த கருவி அச்சமே. அதே வேளையில், அடிமையைக் கொன்றாலும் முடமாக்கினாலும் நட்டம் ஆண்டானுக்கே. எனவே அவனது வன்முறை கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒருவனை அடிப்பதன் நோக்கம் அடிபடாத மற்ற நூறுபேரை அடக்குவதாக இருந்தது.

இக்கணக்கில் நான்கு கூறுகளைக் காண்கிறோம். முதலாவது, காட்சி: தண்டனை பிறர் பார்க்கும்படி கொடுக்கப்படும். இரண்டாவது, நிச்சயமின்மை: எப்போது, எதற்காக அடி விழும் என்று தெரியாதபடி வைக்கப்படும். மூன்றாவது, இடையாள்: அடிக்கும் வேலை கங்காணியிடமோ, அடிமைகளுள் ஒருவனிடமோ ஒப்படைக்கப்படும். நான்காவது, மானமும் உறவும்: வசைச்சொல்லாலும், பெண்களின் உடலைக் கெடுப்பதாலும், குடும்பத்தைப் பிரித்துவிடுவதாகக் கூறும் மிரட்டலாலும் மனிதனின் தன்மதிப்பு உடைக்கப்படும்.

பிரெடெரிக் டக்ளஸ் 1845 ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்றில் இவை அனைத்தும் உள்ளன. அவர் 1834 இல், தம் பதினாறாம் வயதளவில், மேரிலாந்து மாநிலத்தில் எட்வர்டு கோவி என்ற குத்தகை விவசாயியிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்பட்டார். அடங்காத அடிமைகளைப் பழக்கித் தருவதில் கோவி பெயர்பெற்றவன். அவன் அவ்வூர் மெதடிஸ்டுச் சபையில் வகுப்புத் தலைவனாகவும் இருந்தான். வயலில் அடிமைகள் வேலை செய்யும்போது பயிருக்குள் ஒளிந்தும் ஊர்ந்தும் வந்து அவன் திடீரென்று எழுந்து நிற்பான். அதனால் அடிமைகள் அவனைப் பாம்பு என்றே தமக்குள் அழைத்தனர். அவன் அங்கு இல்லாத நேரத்திலும் இருப்பதாகவே எண்ணி அவர்கள் நடுங்கி உழைத்தனர். அடிமையின் உள்ளத்திலேயே கங்காணியை அமர்த்திவிடுவதுதான் இம்முறையின் வெற்றி என்பதை இது காட்டுகிறது.

பெண்களின்மேல் இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றியும் அடிமைக்காரர்களே எழுதிவைத்த சான்றுகள் உள. சமெய்க்காத் தீவில் 1750 முதல் 1786 இல் தம் இறப்புவரை வாழ்ந்த தாமஸ் திசில்வுட் என்ற ஆங்கிலேயர், அடிமைப் பெண்களைத் தாம் வன்புணர்ந்ததை வானிலைக் குறிப்புகளோடும் தோட்டக் கணக்குகளோடும் சேர்த்து நாட்குறிப்பில் எழுதிவந்தார். அவருக்கு அதுவும் அன்றாட நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவே தோன்றியது.

2. தமிழகப் பண்ணைகளில்

தமிழகத்தில் அடிமைமுறை நிலத்தோடும் சாதியோடும் பிணைந்திருந்தது. சென்னை வருவாய் வாரியம் 1819 ஆம் ஆண்டு இதுபற்றி மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகளைப் பெற்று ஆராய்ந்தது. காவிரிப் படுகையில் பள்ளரும் பறையரும் மிராசுதாரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர். அடிமை என்ற சொல் சட்டத்தில் மறைந்த பின்னரும் பண்ணையாள் என்ற பெயரில் அக்கட்டு நீடித்தது. திருமணத்துக்கு வாங்கிய சிறு கடன் வாழ்நாள் முழுவதும் தீராது. பண்ணையாளின் மனைவியும் பிள்ளைகளும் அதே பண்ணையில் உழைத்தாக வேண்டும்.

தஞ்சைப் பண்ணைகளில் இருவகைத் தண்டனைகள் பெயர்பெற்றவை. ஒன்று சவுக்கடி. மற்றொன்று சாணிப்பால் புகட்டுதல். சாணத்தை நீரில் கரைத்து வலிந்து குடிக்கவைப்பதே அது. சவுக்கு உடலில் தழும்பை உண்டாக்கியது. சாணிப்பால் மானத்தில் தழும்பை உண்டாக்கியது. வேலைக்குப் பிந்தி வந்ததற்கும், நிமிர்ந்து பேசியதற்கும் இவை ஊரார் முன்னிலையில் கொடுக்கப்பட்டன. மிராசுதாரர் தாமே கைதொட வேண்டியதில்லை. அதற்கென்று ஆட்கள் இருந்தனர். முன்னர் நாம் கூறிய காட்சி, இடையாள், மானம் ஆகிய கூறுகள் இங்கு ஒருங்கே விளங்குகின்றன.

இவை சட்டத்தால் தாமாக நின்றுவிடவில்லை. பி. சீனிவாசராவ் முதலானோர் 1943 முதல் தஞ்சைச் சிற்றூர்களில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டினர். சங்கத்தின் வலிமையால் 1944 இல் ஏற்பட்ட ஒப்பந்தங்களில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பதை மிராசுதாரர்கள் ஏற்றனர். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அதன்பின் 1952 இல் வந்தது. ஆனால் எதிர்ப்பு வளர்ந்தபோது வன்முறையும் வேறு உருவம் கொண்டது. கூலி உயர்வும் சங்கமும் பூசலுக்குப் பொருளாயிருந்த கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, குடிசை ஒன்றில் தஞ்சம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக நாற்பத்து நால்வர் எரித்துக் கொல்லப்பட்டனர். அது கிறிஸ்து பிறப்புத் திருநாள் என்பதை நாம் மறத்தலாகாது.

கொங்கு நாட்டில் நிலைமை சற்று வேறு. இங்குப் பண்ணயம் என்ற முறையில் அருந்ததியர் குடும்பத்தினர் பண்ணயக்காரரிடம் ஆண்டுக் கணக்கில் அமர்ந்து உழைத்தனர். பிள்ளைகள் ஆடுமாடு மேய்க்க விடப்பட்டனர். அத்தகைய சிறுவர்களின் வாழ்வைப் பெருமாள்முருகன் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கூளமாதாரி’ என்ற புதினம் சித்திரிக்கிறது. பின்னர் விசைத்தறி வந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் தறிக்காரர் தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்தார். அதற்குப் பாக்கி என்று பெயர். புதிய முதலாளி அப்பாக்கியைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி பழைய தறியை விட்டு நகர முடியாது. வயலிலிருந்து தறிக்கு வந்தபோது கட்டும் உடன்வந்தது.

3. சட்டம் மாறியது, பெயரும் மாறியது

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதியும் இலங்கையும் அதிலிருந்து விலக்கப்பட்டன. பத்தாண்டுகள் கழித்து வந்த 1843 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமைகோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆனால் 1859 இல் மற்றொரு சட்டம் வந்தது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைக் குற்றவாளியாகச் சிறையில் அடைக்க அது இடந்தந்தது. 1925 இல்தான் நீக்கப்பட்டது. ஆண்டான் தானே செய்துவந்த வேலையை இப்போது காவலரும் நீதிபதியும் அவனுக்காகச் செய்தனர்.

மேற்கிந்தியத் தீவுகளில் நடந்ததும் நம் கவனத்துக்கு உரியது. அங்கு 1834 ஆகஸ்டு முதல் நாள் அடிமைகள் விடுதலையாயினர். ஆனால் அவர்கள் உடனே சுதந்தரராகவில்லை. ‘பயிலுநர்’ என்ற புதுப் பெயரில் பழைய எசமானருக்கே பெரும்பாலும் கூலியின்றி உழைக்குமாறு கட்டளையிடப்பட்டனர். எசமானனின் கையிலிருந்து சவுக்கை எடுத்த சட்டம் அதை அரசு நீதிபதியிடம் கொடுத்தது. பணிய மறுத்தோர், பெண்கள் உட்பட, சிறைச்சாலையில் மிதிசக்கரத்தில் ஏற்றப்பட்டனர். மக்களின் எதிர்ப்பு வலுத்ததால் 1838 இல் இந்தப் பயிற்சிமுறை முடிவுக்கு வந்தது. பயிலுநர் என்ற இதே சொல் தமிழக நூற்பாலைகளில் எத்தகைய பணியைச் செய்தது என்பதை அடுத்துக் காண்போம்.

4. திருப்பூர் வட்டார நூற்பாலைகளில்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூரில் பனியன் தொழில் 1920களில் தோன்றியது. 1980களுக்குப் பின் ஏற்றுமதி பெருகி, இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் திருப்பூர் பெற்றது. நகரத்துப் பனியன் தொழிலாளர்க்குப் போராட்ட மரபு உண்டு. பஞ்சப்படிக்காக 1984 இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். ஆனால் பனியனுக்கு வேண்டிய நூல் நகரத்துக்கு வெளியே, சுற்றுச்சுவருக்குள் அமைந்த நூற்பாலைகளிலிருந்து வருகிறது. தமிழகத்தில் இத்தகைய ஆலைகள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உள்ளன. இவற்றுள் பல, நிலையான ஆண் தொழிலாளர்களைக் குறைத்துக்கொண்டு, 1990களின் இறுதி முதல் சிற்றூர்களிலிருந்து வளரிளம் பெண்களை அழைத்துவந்து விடுதிகளில் தங்கவைத்தன. இதுவே ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் ‘மாங்கல்யத் திட்டம்’ என்றும் பெயர்பெற்றது. பெண்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களிலிருந்தும் பிற ஏழைக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். மழை பொய்த்த தென் மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் தரகர்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுக்கொண்டு அவர்களைச் சேர்த்துவிட்டனர்.

இத்திட்டத்தின்கீழ் வெளிப்பட்ட அடக்குமுறைகளை ஐந்தாகப் பகுத்துக் காணலாம்.

(அ) பூட்டிய வாயில். விடுதி ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. வெளியே செல்வதற்கு அனுமதி அரிது. கிடைத்தாலும் விடுதிக் காப்பாளர் உடன்வருவார். தொலைபேசிப் பேச்சுக்கும் பெற்றோர் வந்து காண்பதற்கும் வரம்பு இருந்தது. பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே இவ்வேற்பாடு என்று கூறப்பட்டது. பெற்றோரும் அதை நம்பினர், சிலர் விரும்பினர். ஆயினும் உள்ளே நடப்பது வெளியே தெரியாமலிருப்பதற்கு அதே வாயில் பயன்பட்டது.

(ஆ) நிறுத்திவைத்த கூலி. மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய்வரை மொத்தத் தொகை தரப்படும் என்பது ஒப்பந்தம். அது திருமணத்துக்கான அன்பளிப்பாகப் பேசப்பட்டது. உண்மையில் அப்பெண்ணின் கூலியிலிருந்து பிடித்துவைத்ததே. மூன்றாண்டு நிறைவதற்குமுன் நோயுற்று விலகினாலும் தொகை கிடைக்காமற்போவது உண்டு. பழைய பண்ணையில் தொழிலாளி ஆண்டானுக்குக் கடன்பட்டிருந்தான், அதனால் கட்டுண்டான். இங்கே ஆலை தொழிலாளிக்குக் கடன்பட்டிருந்தது. ஆயினும் கட்டுண்டவள் அவளே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 இல் வந்தபோது அதன் கண் முன்பணத்தின்மேல் இருந்தது. முன்பணம் இல்லாத இக்கட்டு அதிகாரிகளின் கண்ணுக்கு எளிதில் படவில்லை.

(இ) பயிலுநர் என்ற பெயர். ரிங் பிரேம் பொறிகளுக்கு இடையே முழு வேலை செய்தவர்களும் ஆண்டுக்கணக்கில் பயிலுநர்களாகவே பதிவு செய்யப்பட்டனர். அதனால் நிலையான தொழிலாளிக்குரிய கூலியும் சங்க உரிமையும் அவர்களுக்கு எட்டாமற் போயின. பயிலுநர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தமிழக அரசு 2008 இல் ஆணையிட்டபோது ஆலைத்தரப்பு நீதிமன்றத்தை நாடியது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23 ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றும், வறுமையின் நெருக்குதலும் கட்டாயமே என்றும் உச்சநீதிமன்றம் 1982 லேயே ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

(ஈ) சொல். மேற்பார்வையாளரின் வசைமொழி, அதிலும் சாதியையும் ஒழுக்கத்தையும் இழுத்துப் பேசும் மொழி, பெண்களின் வாக்குமூலங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒழுக்கத்தைப்பற்றி வீட்டுக்குத் தகவல் அனுப்புவதாகக் கூறும் மிரட்டல் ஒன்றே பலரை வாயடைக்கப் போதுமானதாயிற்று. திருமணத்துக்காக உழைக்க வந்தவளுக்கு, திருமணத்தையே கெடுத்துவிடக்கூடிய சொல் சவுக்கைவிடக் கொடியது. ஆதலின் சுமங்கலி என்ற மங்கலப் பெயருக்குள்ளேயே மிரட்டலும் அடங்கியிருந்தது.

(உ) உடல். இடைவேளையும் கழிவறைக்குச் செல்லும் நேரமும் எண்ணப்பட்டன. இரவுப்பணியும் பன்னிரண்டு மணிநேர வேலையும், நுரையீரலைக் கெடுக்கும் பஞ்சுத் தூசியும் பலருக்கு வாழ்க்கையாயின. 2019 இல் ஒரு செய்தி நிறுவனம் தமிழக ஆடைத் தொழிலாளர் பெண்கள் ஏறத்தாழ நூறுபேரைச் சந்தித்தது. மாதவிடாய் வலியைச் சொன்னவர்களுக்கு, வேலை தடைப்படாதிருக்க, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்தமை அப்போது வெளிவந்தது. பாலியல் தொல்லை இவற்றின் உச்சம். திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 சனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவரின் பாலியல் தொல்லைக்கு அவர் மாதக்கணக்கில் ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் உழைத்தோரும் கூறினர். அம்மேற்பார்வையாளரே கொலைக்காகக் கைது செய்யப்பட்டார்.

கோவை வட்டாரத்துக்கு இது முற்றிலும் புதிதன்று. சின்னியம்பாளையத்தில் பெண் தொழிலாளி ஒருவரைக் கெடுத்த ஆலை அடியாள் கொல்லப்பட்ட வழக்கில், நான்கு தொழிலாளர்கள் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதைத் தொழிற்சங்கங்கள் இன்றளவும் நினைவுகூர்கின்றன. பெண்ணின் மானத்தைத் தாக்கித் தொழிலாளர் கூட்டத்தையே பணியவைக்க முயலும் வழி எண்பது ஆண்டுகளுக்கு முன்னரும் அறியப்பட்டிருந்தது.

5. ஒற்றுமையும் வேற்றுமையும்

இனி, அடிமைமுறை என்ற சொல் பொருந்துமா என்ற வினாவுக்கு வருவோம். வேற்றுமைகளை மறைத்தல் நேர்மையாகாது. நூற்பாலைப் பெண் விற்கப்படவில்லை. அவளுடைய பிள்ளைகள் ஆலைக்கு உரியவர்கள் அல்லர். மூன்றாண்டு என்ற எல்லை இருந்தது. சட்டம், ஏட்டளவிலேனும், அவள் பக்கம் நின்றது. வெயிலில் களையெடுப்பதைவிட ஆலை வேலையை விரும்பியவர்களும் உண்டு. ஒழுங்காக ஊதியம் தரும் ஆலைகளும் உண்டு. ஆலை உரிமையாளர் சங்கங்கள் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தன. வெளிநாட்டு வணிக நிறுவனங்களின் நெருக்குதலால் பல ஆலைகள் மொத்தத் தொகையைக் கைவிட்டு மாதச் சம்பளத்துக்கு மாறின.

ஆயினும் நெதர்லாந்து நாட்டின் இந்தியக் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வு, 743 நூற்பாலைகளை ஆராய்ந்து, அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றில் இக்கால அடிமைமுறையின் கூறுகள் வெவ்வேறு அளவில் இருந்தன என்றது. வெவ்வேறு அளவில் என்னும் சொற்கள் இன்றியமையாதவை. உடைமையுரிமை என்ற ஒன்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், நாம் முன்னர் கண்ட நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றும் இங்கே ஏதேனும் ஓர் உருவில் இருப்பதை மறுக்க இயலாது. காட்சி, பிறர் முன்னிலையில் திட்டுவதாயிற்று. நிச்சயமின்மை, தொகை கிடைக்குமோ என்ற கவலையாயிற்று. இடையாள், தரகரும் மேற்பார்வையாளருமாயினர். மானம் முன்போலவே இலக்காயிற்று. இவை அனைத்தும் ஓரிடத்தில் கூடுகின்றன. உழைப்பவருக்கு உரிய ஒன்றை ஆண்டான் தன் கையில் பிடித்து வைத்திருக்கிறான். அது கூலியாகவோ, குடும்பமாகவோ, நற்பெயராகவோ இருக்கலாம். அதை இழக்க அஞ்சியே உழைப்பவர் பணிகிறார்.

அண்மைக் காலத்தில் தமிழகத்துப் பெண்கள் குறைந்து, ஒடிசா, சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து பெண்கள் இவ்விடுதிகளுக்கு வருகின்றனர். மொழி தெரியாமை அவர்களுக்கு மற்றொரு சுவராக நிற்கிறது.

6. திருமறை நோக்கு

திருமறையை ஆண்டான்களும் பயன்படுத்தினர் என்ற உண்மையிலிருந்து நாம் தொடங்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807 இல் இலண்டனில் அச்சிட்ட வேதாகமத் தொகுப்பில் யாத்திராகமத்தின் விடுதலை வரலாறு நீக்கப்பட்டிருந்தது. வேலைக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்னும் பகுதிகள் விடாமல் சேர்க்கப்பட்டன. எதை வாசிக்கிறோம் என்பதைப்போலவே எதை வாசியாமல் விடுகிறோம் என்பதும் அடக்குமுறைக்குத் துணைபோகக்கூடும். பேதுருவின் முதல் நிருபத்தில் வேலைக்காரருக்குக் கூறும் அறிவுரையை மட்டும் பிரசங்கித்து, யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை விட்டுவிடும் மேடையும் இக்குறையிலிருந்து தப்பாது.

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் அடக்குமுறையை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறது என்பதைக் கவனிப்போம். பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கலின் தொகையைக் குறையாமல் கேட்கிறான். இஸ்ரவேலருள்ளேயே ஏற்படுத்தப்பட்ட தலைவர்கள் தொகை குறைந்ததற்காக அடிபடுகின்றனர். ஓய்வு கேட்டவர்களுக்குச் சோம்பேறிகள் என்ற பெயர் சூட்டப்படுகிறது. முடிவில் அடிபட்ட தலைவர்களின் கோபம் பார்வோனைவிட்டு மோசேயின்மேல் திரும்புகிறது. இடையாளை அடித்து, அவனைத் தன் மக்களுக்கு எதிராக நிறுத்தும் இவ்வுத்தியைத் தோட்டத்திலும் பண்ணையிலும் ஆலையிலும் காண்கிறோம்.

இதற்கு மாறாக, நியாயப்பிரமாணம் ஆண்டானின் கையில் பிடிபட்டிருப்பதை விடுவிக்க முயல்கிறது. கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கவேண்டும் என்கிறது உபாகமம் 24. தப்பிவந்த அடிமையைத் திரும்ப ஒப்படைக்கலாகாது என்கிறது உபாகமம் 23. விடுதலை பெற்றவனை வெறுங்கையாய் அனுப்பலாகாது என்கிறது உபாகமம் 15. இவற்றை நூற்பாலைப் பெண்ணின் நிலையோடு ஒப்பிட்டால், நிறுத்திவைத்த கூலி, பூட்டிய வாயில், முடிவில் மறுக்கப்பட்ட தொகை ஆகிய மூன்றுக்கும் இவை நேரான விடைகளாக நிற்பதைக் காணலாம்.

திருமறைக்குள்ளேயே முரண்பாடும் உண்டு. யாத்திராகமம் 21 இல், அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எசமானனுக்குத் தண்டனை இல்லை; அடிமை அவனுடைய பணமாகவே கருதப்படுகிறான். சில வசனங்களுக்குப் பின், அடிமையின் ஒரு பல் உடைந்தாலும் அவனை விடுதலை செய்யவேண்டும் என்று அதே அதிகாரம் கூறுகிறது. அடிமையைப் பணமாக எண்ணும் வழக்கமும், அவனை மனிதனாக எண்ணத் தொடங்கும் மனச்சான்றும் ஒரே ஏட்டில் மோதிக்கொள்கின்றன. தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதர் என்ற நம்பிக்கையுடைய நாம் இம்மோதலில் எப்பக்கம் நிற்கிறோம் என்பதே கேள்வி.

முடிவுரை

தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது, பண்ணைக்கு வெளியே முறையிடுவதற்குச் சங்கம் என்ற ஓர் இடம் தோன்றியபோதுதான் என்பதைக் கண்டோம். திண்டுக்கல்லிலும் அதுவே நடந்தது. 2021 ஆம் ஆண்டின் கொலைக்குப் பின், தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாது போராடியது. அதன் பயனாக 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும், ஆலை நிறுவனமும், சங்கமும் அதற்குக் கட்டுப்பட்டன. உடன் உழைக்கும் பெண்களே பயிற்சி பெற்று, தொல்லைகளைக் கண்டறிந்து முறையிடும் பொறுப்பை ஏற்றனர். முறையிட்டவரைப் பழிவாங்க இயலாதபடி விதி செய்யப்பட்டது. ஆலையிலிருந்த இடையாளின் அதிகாரத்துக்கு எதிராக, தொழிலாளர் தாமே தெரிந்துகொண்ட ஒருவர் நின்றார். ஓர் ஒப்பந்தம் வட்டாரம் முழுவதையும் மாற்றிவிடாது. ஆயினும் வன்முறையை எங்கே முறிக்கலாம் என்பதை அது காட்டியது.

நம் சபைகளில் பல, இப்பெண்கள் புறப்பட்டுச் செல்லும் சிற்றூர்களில் இருக்கின்றன. சில, அவர்கள் வந்து சேரும் ஆலைகளுக்கு அருகில் இருக்கின்றன. ஆகையால் நாம் செய்யக்கூடியது சிறிதன்று. பெண்ணை அனுப்புமுன் அவளுடைய வயது என்ன, கூலி மாதந்தோறும் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வருமா, சம்பளச் சீட்டும் வருங்கால வைப்புநிதி எண்ணும் உண்டா, தனியே தொலைபேசியில் பேச இடமுண்டா, பணியிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைத்த உள்ளகக் குழுவில் யார் யார் உளர் என்று பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். ஆலைக்கு அருகிலுள்ள போதகர் விடுதிக்குச் சென்று பெண்களைக் காணலாம். அனுமதி மறுக்கப்பட்டால் அம்மறுப்பே ஒரு செய்தியாகும். குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையும் பெண்களுக்கான 181 என்ற எண்ணையும் ஆராதனை அறிவிப்பில் சொல்வதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாண்டு முடியுமுன் ஒருத்தி ஊர் திரும்பினால் அவளைப்பற்றி ஊரில் எழும் பேச்சை நாம் அடக்க வேண்டும். அவள் ஏன் வந்தாள் என்று ஐயத்தோடு நோக்கும் ஊராரின் நாவு, ஆலை மேற்பார்வையாளரின் மிரட்டலுக்கு வலிமை சேர்க்கிறது. வீட்டிலும் சபையிலும் தான் நம்பப்படுவோம் என்று அறிந்த பெண்ணை மானத்தைக் காட்டி அச்சுறுத்துவது எளிதன்று. அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.